முகத்தின் நிறம் சீராக: எதைப் பூசுவது, எவ்வளவு, எந்த வரிசையில்?

கேள்வி இது: நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், வாயைச் சுற்றி வேறொரு நிறம். பரு போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. நியாசினமைடு, வைட்டமின் சி, கோஜிக் அமிலம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது, எத்தனை சதவீதம், எதன் மேல் எதைப் பூசுவது?

பிறவி நிறத்தை மாற்றும் கிரீம் எதுவும் கிடையாது. வெயிலே படாத இடத்தில், அதாவது மேல்கையின் உட்புறத்தில், என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் உங்கள் நிறம். முகத்தில் அதைவிடக் கறுத்துப்போன இடங்களை அந்த நிறத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியும். இந்தப் பதில் அதைப் பற்றி மட்டும்தான்.

மெலனோசைட் என்ற செல்கள் டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு மெலனின் நிறமியைச் செய்து, சுற்றியுள்ள தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. மாநிறத் தோலில் இந்தச் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலில் இருப்பதைவிட அதிகமில்லை. அவை செய்யும் வேலைதான் அதிகம். வெயில், பரு, சொறி, அழுத்தித் தேய்ப்பது, தப்பான கிரீம் தரும் எரிச்சல் எல்லாவற்றுக்கும் அவற்றிடம் இருப்பது ஒரே பதில்: இன்னும் கொஞ்சம் மெலனின். ஆகவே 'எரிந்தால்தான் வேலை செய்கிறது' என்ற நம்பிக்கை நம் தோலுக்குப் பெரிய கெடுதல். எரிந்த இடம் கறுக்கும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

வாங்குவதற்கு முன் கறுப்பு எந்த வகை என்று பாருங்கள். பரு இருந்த இடத்தில் மட்டும் தட்டையான பழுப்புப் புள்ளி என்றால் அது அழற்சிக்குப் பின் வரும் கருமை. கிரீம்களுக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, மேலுதட்டிலும் நெற்றியிலும் படர்ந்து இருந்தால் மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் இது தலைகாட்டும். குறையும், திரும்பவும் வரும். நிறம் பழுப்பாக இல்லாமல் சாம்பலும் நீலமும் கலந்தாற்போல் இருந்தால் நிறமி தோலின் அடியடுக்கில் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே சீரம் போய்ச் சேர்வதில்லை. பணத்தை அதில் கொட்டாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சில கறுப்புகளுக்குக் காரணம் முகத்துக்கு வெளியே இருக்கும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி அது. சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். விரல் முட்டிகள் கறுத்து, கூடவே அசதியும் இருந்தால் பி12 குறைவாக இருக்கலாம். சைவ உணவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெற்றியோரமும் காதுப் பக்கமும் மட்டும் கறுத்தால் முதல் சந்தேகம் தலைச்சாயத்தின் மேல்: அதிலுள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் ஒவ்வாமல் போனால் அரிப்பே இல்லாமல்கூடக் கறுக்கும். பொட்டு வைக்கும் இடத்தில் கறுத்தால் குங்குமத்தின் சாயம் காரணமாக இருக்கலாம். வெளுத்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. முதுகிலும் மேல்கையிலும் அலையலையாகக் கறுப்பு இருந்தால் பீர்க்கங்காய் நாரையும் நைலான் நாரையும் தூக்கிப் போடுங்கள். வருடக்கணக்கில் தேய்த்தே வந்த கறுப்பு அது. இவற்றில் காரணத்தை நிறுத்தாமல் எந்தச் சீரமும் பயன் தராது.

வாயைச் சுற்றிய கருமைக்குத் தனிக் காரணங்கள் உண்டு: உதட்டை நக்கும் பழக்கம், லிப்ஸ்டிக்கோ பற்பசையோ ஒத்துக்கொள்ளாமை, மேலுதட்டில் மாதாமாதம் செய்யும் திரெடிங், வேக்சிங். அவை நடக்கிற வரை பூசுவதெல்லாம் விரயம்.

இனி பொருள்களுக்கு வருவோம். முதலிடம் சன்ஸ்கிரீனுக்கு. அது இல்லாமல் மற்றவற்றைப் பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். உறையில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும் வெயில் காப்பு எண் 30 என்றால், சரியான அளவில் பூசும்போது புற ஊதா பி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் சொற்பம். பூசும் அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மி.கி. பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். வீட்டில் பலரும் பூசுவது அதில் பாதியோ அதற்கும் குறைவோ. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிழிந்தால் சரியாக இருக்கும். 50 கிராம் ட்யூப் மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது போதவில்லை. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். வியர்வையைத் துடைத்தால் உடனே.

பெரும்பாலான விளம்பரங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாநிறத் தோலைக் கறுக்கவைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அதிலும் நீல ஒளி, கறுக்கவைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து, தோல் நிறத்தில் வரும் டின்டட் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். உறையின் பின்னால் அயர்ன் ஆக்சைடு என்றோ, சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கிறதா என்று பாருங்கள். பருப் புள்ளிக்கு இது இருந்தால் நல்லது. மங்குக்கு இது கட்டாயம். 'சன்ஸ்கிரீன் தவறாமல் போட்டும் மங்கு போகவில்லை' என்பவர்களில் பலர் தவறவிட்டது இதைத்தான். (செல்போன் வெளிச்சத்தால் முகம் கறுக்கும் என்று பயப்பட வேண்டாம். வெயிலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. சன்னலோர வெயிலைத்தான் மறந்துவிடுகிறோம்: புற ஊதா ஏ கதிரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கண்ணாடியைத் தாண்டி வரும்.)

அடுத்து அசெலாயிக் அமிலம். சீரம் கடைகளில் இதற்கு அத்தனை ஆரவாரம் இல்லை. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நம் தோலுக்கு நான் சொல்வது இதைத்தான். தேமல் ஏன் வெளுப்பாகத் தெரிகிறது என்று ஆராயப்போய் கிடைத்த பொருள் இது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை இந்த அமிலத்தைச் சுரக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்யும் மெலனோசைட்டுகளை மட்டும் பெரும்பாலும் அடக்கும். சாதாரணத் தோலை வெளுக்காது. பருவையும் குறைக்கும் என்பதால் புதுப் புள்ளி வருவதும் நிற்கும். மங்குக்கு 20 சதவீத அசெலாயிக்கை 4 சதவீத ஹைட்ரோகுவினோனோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம் என்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் சிலவற்றில் இதுவும் ஒன்று. 10 சதவீத ஜெல்லில் தொடங்கி, இரண்டு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் 15 அல்லது 20-க்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் பூசியவுடன் சில நிமிடம் குறுகுறுவென்று அரிக்கும். அது பெரும்பாலும் தானே அடங்கும். அரிப்பு தாங்கவில்லை என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் இது. சிவந்து, தோல் உரிந்து, அடுத்த நாளும் எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

நியாசினமைடு மெலனின் உற்பத்தியைத் தொடுவதில்லை. செய்த மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போவதைக் குறைக்கிறது. அதனால் மற்றவற்றோடு துணையாக நன்றாகப் பொருந்தும், தனியாக அற்புதம் எதுவும் செய்யாது. நிறத்துக்கு ஆய்வுகளில் பயன்பட்ட அளவு 2 முதல் 5 சதவீதம். கடையில் 10 சதவீதச் சீரம் நிறைய கிடைக்கிறது. இரட்டிப்பு அளவுக்கு இரட்டிப்புப் பலன் கிடையாது, சிலருக்குச் சிவப்பும் பொடிப்பொடியான பருவும்தான் மிச்சம். வைட்டமின் சி-யோடு சேர்க்கக் கூடாது என்பது பழைய பயம். இரண்டையும் ஒரே வேளையில் பூசலாம்.

வைட்டமின் சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் நடக்கும் பொருள் அது. தூய வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம் இருந்து, கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் போகும். 20-ஐத் தாண்டினால் எரிச்சல் மட்டுமே கூடும். அதே அமிலத்தன்மையால்தான் சிலருக்கு 10 சதவீதம்கூட எரிகிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். வெளிர் மஞ்சள் பரவாயில்லை. ஆரஞ்சு, பழுப்பு என்று மாறிவிட்டால் தூக்கிப் போடுங்கள், அது தோலில் மஞ்சள் கறைதான் பிடிக்கும். பெரிய பாட்டில் சலுகை விலையில் கிடைத்தாலும் வேண்டாம். அடர்நிறக் கண்ணாடி, சிறிய பாட்டில், ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று மாதத்துக்குள் முடிப்பது. 15 சதவீத வைட்டமின் சி-யோடு 1 சதவீத வைட்டமின் ஈ, 0.5 சதவீத ஃபெரூலிக் அமிலம் சேர்த்தால் அது நிலையாகவும் இருக்கும், வெயில் பாதிப்பிலிருந்து காக்கும் சக்தியும் கூடும். இதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ளவர்களுக்கு எத்தில் அஸ்கார்பிக் அமிலம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் தொல்லை குறைவு. பலனும் சற்று மெதுவு. வைட்டமின் சி பொடியை வீட்டில் தண்ணீரில் கலக்குபவர்கள் பி.எச். அளக்காமல் செய்கிறார்கள், முகம் புண்ணாகும் வழி அது.

ஆல்ஃபா அர்பியூட்டின் 2 சதவீதம், கோஜிக் அமிலம் 1 சதவீதம்: இரண்டும் டைரோசினேஸைத் தடுப்பவை. முன்னது சாது. பின்னது, நொதித்த அரிசியில் வளரும் பூஞ்சையிலிருந்து வந்தது, ஒவ்வாமை தருவதில் பெயர் பெற்றது. கோஜிக் சோப்பு என்றும் விற்கிறார்கள்; அரை நிமிடம் முகத்தில் இருந்துவிட்டுக் கழுவிப் போகும் பொருளிடம் எவ்வளவு பலன் எதிர்பார்ப்பீர்கள்? வறட்சிதான் உறுதி. அதிமதுரச் சாற்றிலுள்ள கிளாப்ரிடின் மென்மையானது, கிரீமில் இருந்தால் நல்லதே. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தாக ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி 1962-ல் கண்டுபிடித்தது. மங்கை அது குறைக்கிறது என்பது பின்னால்தான் தெரியவந்தது. பூசுவதற்கு 2 முதல் 5 சதவீதச் சீரம், எரிச்சல் குறைவு, மங்குக்கு நல்ல துணை. மாத்திரை வடிவம் இன்னும் பலமானது. ஆனால் இரத்த உறைவு ஆபத்து உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புகைப்பவர்கள் தாங்களாக வாங்கிப் போட்டால் விளைவு காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டியாக வரலாம். மருத்துவர் எழுதாமல் வேண்டாம்.

ரெட்டினாய்டுகள், அதாவது அடாபலீன் 0.1 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், தோல் செல்கள் மாறும் வேகத்தைக் கூட்டி நிறமியை மேலே தள்ளி உதிர்க்கின்றன. பருவும் புள்ளியும் சேர்ந்திருப்பவர்களுக்கு மிகப் பொருத்தம். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் மாதம் வாரத்தில் இரண்டு இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு. மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் மூன்றிலும் முதலில் வாஸ்லீன் லேசாகத் தடவிவிட்டுப் பூசுங்கள்; கிரீம் தேங்கி உரிவது அங்கேதான். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது.

உரிக்கும் அமிலங்களில் கிளைகாலிக்கைவிட மாண்டெலிக், லாக்டிக் இரண்டும் நமக்கு ஏற்றவை. மாண்டெலிக்கின் மூலக்கூறு பெரியது. மெதுவாக இறங்கும், எரிச்சல் குறைவு. 5 முதல் 10 சதவீதம், வாரத்தில் ஒன்றிரண்டு இரவு போதும். இணையத்தில் வாங்கும் 30 சதவீதத் தோலுரிப்புக் கரைசலை (பீல்) வீட்டுக் கண்ணாடி முன் போட்டுப் பார்ப்பது, ஆறு மாதம் மறையாத கறுப்பை ஒரே மாலையில் வாங்கிக்கொள்வது.

ஹைட்ரோகுவினோன் இவற்றில் பலமானது, கேடும் செய்யக்கூடியது. 2 முதல் 4 சதவீதம், மருத்துவர் மேற்பார்வையில், மூன்று நான்கு மாதம், பிறகு இடைவெளி என்பதுதான் முறை. வருடக்கணக்கில் பூசினால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக் கறுப்புப் படலம் வரும். வந்தால் போக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் இதை அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது; அமெரிக்காவில் 2020 முதல் மருத்துவர் சீட்டில்லாமல் விற்க முடியாது. 'வெளுக்கும்' பொருள் எதையும் பார்த்தவுடன் நம்பக் கூடாது என்பதற்கு 2013-ல் ஜப்பானில் நடந்தது ஒரு சாட்சி: கானெபோ நிறுவனத்தின் ரோடோடெனால் கலந்த கிரீம்களால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முகத்திலும் கையிலும் வெண்திட்டு விழுந்து, பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள்.

இதைவிட நம் ஊருக்கு நெருக்கமான ஆபத்து ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீமை மங்குக்குச் சில வாரம் மட்டும் மருத்துவர்கள் எழுதுவார்கள். அதையே மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் ஃபேர்னெஸ் கிரீமாகப் பூசுகிறார்கள். பத்து நாளில் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும். பரு கொத்தாக வரும், மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியும், முடி வளரும், வெயிலில் நிற்க முடியாது. உடனே திரும்பப் பூசத் தோன்றும், அதுதான் வலை. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது. ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது அழகு கிரீம் இல்லை. நீண்ட நாள் பூசியவர் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுவது நல்லது.

பெயர், உற்பத்தியாளர் முகவரி, உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லாத டப்பாவில் பாதரசம் இருக்கலாம். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்று எழுதியிருந்தாலும், 'தங்கம், வெள்ளி நகைகளில் படக் கூடாது' என்ற எச்சரிக்கை இருந்தாலும் அதே சந்தேகம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் அதன் அறிகுறிகள். குளுத்தாதயோன் ஊசிக்கும் நிறத்துக்காகப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆதாரமும் இல்லை, பாதுகாப்பும் நிறுவப்படவில்லை.

வீட்டுப் பொருள்களில் கடலைமாவும் பயத்தமாவும் மென்மையாகத் தேய்க்கும் வரை அழுக்கெடுக்கும், அவ்வளவுதான். முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும். எலுமிச்சை வேண்டவே வேண்டாம்: பி.எச். 2 அளவுக்குப் புளிப்பு, கூடவே அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் நீண்ட நாள் கறுப்பும் வரும்.

வரிசைக்கு வருவோம். முதல் மாதம் மூன்றே மூன்று: நுரை குறைவான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், டின்டட் சன்ஸ்கிரீன். இரண்டாம் மாதம் இரவில் அசெலாயிக் 10 சதவீதம் சேருங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு. மூன்றாம் மாதம் காலையில் நியாசினமைடு 5 சதவீதமோ வைட்டமின் சி-யோ, இரண்டில் ஒன்று. அதற்குப் பிறகும் பரு நிற்கவில்லை என்றால் இரவில் அடாபலீன், அசெலாயிக் போடாத நாட்களில். பூசும் முறை: நீர்த்தது முதலில், கெட்டியானது பிறகு, சன்ஸ்கிரீன் கடைசியில். எந்தப் புதுப் பொருளையும் முதலில் தாடையோரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஐந்து இரவு பூசிப் பாருங்கள். ஒரே வாரத்தில் நான்கு சீரம் தொடங்கினால் எது எரித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள். மாதம் ஒரு முறை அதே சன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாத படம். மூன்று மாதத்தில் படத்தில் கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் சதவீதத்தைக் கூட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். வகையையே தவறாகக் கணித்திருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் முகம் இறுகி, தண்ணீர் பட்டாலே எரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று வாரம் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். பிறகு ஒன்றொன்றாகத் திரும்பத் தொடங்குங்கள். புள்ளிகள் மறைந்தவர்கள் அசெலாயிக்கை வாரம் மூன்று இரவாகக் குறைத்துக்கொள்ளலாம். மங்குக்காரர்கள் பங்குனி பிறக்கும்போதே மறுபடி முழு அளவுக்குப் போய்விடுவது நல்லது. சித்திரை வெயிலில் திரும்பி வந்த பிறகு தொடங்கினால் மழைக்காலம் வரை அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.